‘பாரசீகப் பாணி’ என்னும் சீட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன், கடைத்தொகுதி ஒன்றில் உள்ள பழம்பொருள் கடையில், சுவரில் மாட்டும் அலங்காரத் தட்டு ஒன்றை 160 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கினேன். ‘பழைய பாரசீகப் பாணி மீனா வேலைத் தட்டு’ என்று விலைச்சீட்டில் எழுதியிருந்தது. நீலத் தரையில் கொடியும் பூவுமாக விரிந்து, நடுவில் ஒரு மயில் நின்றது. பித்தளைச் சாமான்களைத் துலக்கும் பழக்கத்தில் என் மனைவி அதைச் சுடுநீரில் அமிழ்த்தி, புளியும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தார். மயிலின் கழுத்து நீலம் நகப்பூச்சு உரிவதுபோல ஏடு ஏடாக உரிந்து தண்ணீரில் மிதந்தது. அடியில் பித்தளை பளபளத்தது.

தவறு என் மனைவியுடையதன்று. மீனா என்பது உலோகத்தின்மேல் உருக்கிப் பிடிக்கவைத்த கண்ணாடிப் பூச்சு; ஆங்கிலத்தில் எனாமல். பாரசீகம் என்று வழங்கிய ஈரானின் இஸ்ஃபஹான் நகரில், அடித்து உருவாக்கிய செம்புத் தட்டின் இரு பக்கங்களிலும் வெள்ளை எனாமல் பூசிச் சூளையில் சுடுகிறார்கள். பின்னர் உலோக ஆக்சைடுகளால் ஆன வண்ணங்களைக் கொண்டு மெல்லிய தூரிகையால் வரைந்து, மீண்டும் சூளையில் சுடுகிறார்கள். கோபால்ட் ஆழ்ந்த நீலத்தைத் தரும்; செம்பு பசுநீலத்தைத் தரும். இவ்வாறு உருகி உலோகத்தைப் பற்றிக்கொண்ட கண்ணாடி புளியில் ஊறினால் மெருகு மங்கலாம், கீழே விழுந்தால் சில்லு பெயரலாம். சுடுநீரில் தோல்போல உரியாது. உரிந்தது பித்தளையில் குடைந்த பள்ளங்களில் நிரப்பிய வண்ண அரக்கு. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் காலங்காலமாகச் செய்துவரும் வேலை இவ்வகையைச் சேர்ந்ததே. அதுவும் மதிப்புள்ள கைவேலைதான். அரக்கு என்று சீட்டில் எழுதியிருந்தால் அதற்குரிய விலைக்கு வாங்கி, சுடுநீர் படாமல் வைத்திருப்போம்.

நண்பர் ஒருவர் வீட்டில் அவருடைய தந்தையார் இஸ்ஃபஹானிலிருந்து வாங்கிவந்த தட்டு இருக்கிறது. இந்த நிகழ்வுக்குப் பிறகு அதைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தேன். சுவரைப் பார்த்தே இருக்கும் அந்தப் பின்புறத்திலும் எனாமல் பூசியிருந்தது. சூடு தணியும்போது செம்பும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதால், ஒரு பக்கம் மட்டும் பூசினால் தட்டு வளையும் அல்லது பூச்சு வெடிக்கும்; அதைத் தடுக்கவே பின்பூச்சு. விளிம்பில் அரிசி அளவுக்குச் சில்லு பெயர்ந்த இடத்தில் செம்பின் சிவப்பும், நம் ஊர் ஈரக்காற்றில் அதன்மேல் படிந்த களிம்பின் பச்சையும் தெரிந்தன.

கடைக்காரரிடம் முறையிட்டபோது, “பாணி என்றுதானே எழுதியிருக்கிறேன், ஐயா” என்றார். தவறான கூற்றைச் சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம் தடுக்கிறது. ஆனால் ‘பாணி’ என்ற ஒரே சொல் ஊரையும் மறைத்துக்கொள்கிறது, மீனா என்ற பொய்யையும் தன் நிழலில் ஒதுக்கிக்கொள்கிறது.

பாணியைக் கடன் வாங்குவது இழுக்கன்று. பீங்கான் என்று நாம் சொல்லும் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததுதான். 1998இல் இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவருகே கடலடியில் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் பொருள்கள் நம் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் உள்ளன. அவற்றுள் நீலமும் வெள்ளையுமான மூன்று தட்டுகளில் மேற்காசியர் விரும்பிய சாய்சதுர வடிவம் தீட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் அவற்றைப் பாரசீகத் தட்டுகள் என்று யாரும் சொல்வதில்லை. சீனாவின் ஹெனான் பகுதிச் சூளையில் செய்தவை என்றே சொல்கிறார்கள்.

ஆகவே, பழம்பொருள் விற்போர் விலைச்சீட்டில் உலோகம் இன்னது, வண்ணம் கண்ணாடியா அரக்கா அச்சா, தெரிந்தால் செய்த ஊர் எது என்று எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். வாங்குவோரும் தட்டைத் திருப்பிப் பார்த்த பிறகே பணத்தை எடுக்கலாம்.

கடைக்காரர் 60 வெள்ளி திருப்பித் தந்தார். சென்ற வாரம் அவ்வழியே போனபோது, அதே சீட்டு வேறொரு தட்டின்மேல் ஒட்டியிருந்தது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அங் மோ கியோ