ரிச்சி தெருவில் ஊசி நிமிர்த்தித் தந்த அண்ணனுக்கு

அண்ணா, பெயர் கேட்கக்கூடத் தோன்றாமல் வந்துவிட்டேன். இந்தப் பதிவு உங்கள் கண்ணில் பட வேண்டும்.

கணினியில் இருந்த பழைய ரைசன் 5 2600 பிராசஸரைக் கழற்றி, புதிய 5600 மாட்டலாம் என்று நானே இறங்கினேன். பிராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தது. கூலரைத் தூக்கியதும் பிராசஸரும் அதோடு பிடுங்கிக்கொண்டு வந்து மேசையில் விழுந்தது. அடியில் இருக்கும் 1331 ஊசிகளில் ஒரு மூலை சாய்ந்துவிட்டது. புதியதை மாட்டினால் திரையில் ஒன்றுமே வரவில்லை. பி450 மதர்போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸ் பழையது, புதிய பிராசஸரை அதற்குத் தெரியாது. அதைப் புதுப்பிக்கப் பழைய பிராசஸர்தான் வேண்டும். மகளின் கல்லூரி ப்ராஜெக்ட் முழுவதும் அந்தக் கணினியில்.

மூன்று கடைகளில் கைவிரித்தார்கள். நான்காவது கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த நீங்கள், நான் கேட்காமலேயே டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கொடுங்கள், பார்க்கலாம்" என்றீர்கள்.

சட்டைப்பையிலிருந்து மைக்ரோடிப் பென்சிலை எடுத்து, லெட்டை அகற்றி, அந்த வெற்று முனைக்குள் ஒவ்வோர் ஊசியாக நுழைத்து நிமிர்த்தினீர்கள். மூச்சை அடக்கிக்கொண்டு செய்தீர்கள். நானும் அடக்கிக்கொண்டு நின்றேன். நாற்பது நிமிடம். டீ ஆறிப்போனது. பணத்தை நீட்டியபோது கையை மடக்கிவிட்டு, "அடுத்த முறை கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் கூலரை மெல்லத் திருகி எடுங்கள்" என்று மட்டும் சொன்னீர்கள்.

அன்றிரவே பயாஸ் புதுப்பித்தாயிற்று, 5600 ஓடுகிறது. மகள் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள், அண்ணா. அந்த டீக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.