நாயின் நாள்கணக்கு முதலில், பயணச்சீட்டு பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் கட்டுரைகளைத் தங்கள் ஏடு அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. விசா, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளி என எல்லாவற்றையும் பற்றிப் படித்துவிட்டேன். வீட்டில் வளரும் நாய் பூனையை உடன் அழைத்துச் செல்ல என்ன வழி என்று மட்டும் இதுவரை ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. அந்த ஒரு வரி தெரியாததால் என் குடும்பம் பட்ட பாட்டை, அடுத்துப் புறப்படவிருக்கும் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

தாதியாகப் பணிபுரியும் என் மகளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அவள் முதலில் செல்வது, மூன்று மாதம் கழித்து மருமகனும் ஒன்பது வயதுப் பேரனும் செல்வது என்று முடிவாயிற்று. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயங்கள் இடிபட்ட காலத்தில் அங்கிருந்து பேரன் தூக்கி வந்த நாய்க்குட்டிதான் எங்கள் புலி. அதை விட்டுவிட்டு விமானம் ஏற மாட்டேன் என்று பேரன் ஒற்றைக் காலில் நின்றான். நாய்க்கும் ஒரு சீட்டு எடுத்தால் போயிற்று என்றுதான் நாங்கள் நினைத்தோம். முப்பத்தோராண்டு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து, பாரங்களும் பதிவேடுகளுமாகக் காலத்தைக் கழித்த எனக்கே அதற்கு மேல் தோன்றவில்லை.

முதல் பிழை தடுப்பூசியில் நிகழ்ந்தது. பிரிட்டனுக்குள் நுழையும் நாய்க்கு அனைத்துலகத் தரத்திலான மைக்ரோசிப் என்னும் அடையாளச் சில்லைப் பொருத்தியிருக்க வேண்டும். அதைப் பொருத்திய பிறகோ, பொருத்தும் அதே வேளையிலோதான் ரேபிஸ் எனப்படும் வெறிநாய் நோய்க்கான தடுப்பூசியைப் போட வேண்டும். ஊசி போடப்பட்ட நாய் இதுதான் என்பதற்கு அந்தச் சில்லின் எண்ணைத் தவிர வேறு சான்று இல்லாததால், சில்லுக்கு முந்திய ஊசி கணக்கில் சேராது. நாங்கள் சென்ற மருத்துவ நிலையத்தில் எங்கே போகப் போகிறீர்கள் என்று எவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. முதல் வாரம் ஊசி, மூன்றாம் வாரம் சில்லு. நாயை அனுப்பி வைக்கும் முகவர் தேதிகளைப் பார்த்த மாத்திரத்தில் தலையை ஆட்டினார். மறுபடியும் ஊசி போட்டு, அன்றிலிருந்து 21 நாள் காத்திருந்தோம். மருமகனின் பயணச்சீட்டை மாற்றக் கட்டணம் கட்டினோம். பேரன் அங்கே பள்ளியில் மூன்று வாரம் தாமதமாகச் சேர்ந்தான். வரிசை மாறிப் போனதற்கு நாங்கள் கொடுத்த விலை இவ்வளவு.

அடுத்து வந்த நிபந்தனை எங்கள் ஊர்க்காரர்களின் பழைய காயத்தைத் தொட்டது. தீபகற்ப மலேசியாவிலிருந்து செல்லும் நாய்க்கும் பூனைக்கும், பன்றிகளிடமிருந்து மனிதருக்குப் பரவிய நிப்பா நோய் குறித்துத் தனிச் சான்று வேண்டும் என்கிறது பிரிட்டன். புறப்படுவதற்கு முந்திய 60 நாள்களில் அது பன்றிகளோடு பழகியிருக்கக் கூடாது; நிப்பா கண்ட பண்ணையில் இருந்திருக்கக் கூடாது; புறப்படுவதற்கு முந்திய 10 நாள்களுக்குள் இரத்தப் பரிசோதனையும் முடிந்திருக்க வேண்டும். நெகிரி செம்பிலான் மாநிலத்து ரந்தாவில் இருந்துகொண்டு இதைப் படிப்பவருக்கு விளக்கம் தேவையில்லை. 1998-99இல் அந்நோய் பரவிய புக்கிட் பெலாண்டோக் எங்களுக்கு வெகுதூரமில்லை. நோய்க்குப் பெயர் தந்த சுங்கை நிப்பா கிராமமும் அந்தப் பக்கந்தான். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுமருந்து அடித்துக்கொண்டிருந்த வேளையில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கோ பிங் 1999 மார்ச் மாதத்தில் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஏறத்தாழ பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. நாய்களுக்கும் அக்கிருமி தொற்றியது. ஆகவே இத்தனை ஆண்டு கழிந்தும் அவர்கள் இதைக் கேட்பதில் நான் குறை காணவில்லை.

ஆனால், பன்றி என்றால் பண்ணைப் பன்றி மட்டுந்தானா? எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். இருட்டியதும் காட்டுப்பன்றிகள் உதிர்ந்த பழத்தைத் தின்ன வரும். அவற்றை விரட்டுவதே தன் பிறவிப்பயன் என்று புலி எண்ணியிருந்தது. பொய்க் கையெழுத்துப் போட மருமகனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் வேலி அடைத்த வீட்டில் இருக்கும் என் தங்கையிடம் நாயை 60 நாளுக்கும் மேலாக விட்டு வைத்தோம். அது இரவெல்லாம் ஊளையிட்டதையும், அண்டை வீட்டார் என் தங்கையிடம் பேசியதையும் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

கடைசிப் பத்து நாள்தான் மிகவும் நெருக்கடியானது. நிப்பா இரத்தப் பரிசோதனை அந்தப் பத்து நாளுக்குள் அடங்க வேண்டும். அரசு கால்நடை மருத்துவர் கையொப்பமிடும் நலச்சான்றிதழும் அங்கு போய்ச் சேரும் நாளுக்கு 10 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நாய்க்கு நாடாப்புழு மருந்தை, அங்கு இறங்குவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும் மருத்துவர் கொடுத்துப் பதிய வேண்டும். பூனைக்கு இந்தப் புழு மருந்து தேவையில்லை. இவற்றுக்கு நடுவே ஒரு பொது விடுமுறையும் வார இறுதியும் சேர்ந்து விழுந்தால் ஆய்வுக்கூடத்தின் முடிவு எப்போது வரும் என்று எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு அப்படித்தான் விழுந்தது. முடிவு புறப்படுவதற்கு முந்திய நாள் மாலையில் வந்தது.

பிரிட்டனுக்கு விமானத்தில் செல்லும் நாய் பயணிகளோடு போக முடியாது. அங்கீகரிக்கப்பட்ட தடத்தில் சரக்காகவே போக வேண்டும். உரிமையாளர் அதே விமானத்தில் போகாவிட்டாலும், நாய் செல்லும் நாளுக்கு 5 நாள் முன்னோ பின்னோ அவர் பயணம் செய்திருக்க வேண்டும். இல்லையெனில் வணிகத்துக்காக இறக்குமதியாகும் விலங்குக்குரிய விதிகளின் கீழ் அது வந்துவிடும். மகள் முன்பே போய்விட்டதால் பத்திரங்களை மருமகன் பெயரில் எழுத நேர்ந்தது. கூண்டுக்குள் நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடம் இருக்க வேண்டும். நம்மூர்த் தச்சர் அன்போடு செய்து தந்த பெட்டியில் காது கூரையைத் தொட்டதால் அது இப்போது என் வீட்டில் விறகு வைக்கப் பயன்படுகிறது. மயக்க மருந்து கொடுத்து அனுப்பலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மயக்கத்தில் இருக்கும் விலங்கை விமான நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. பறக்கும்போது அதன் உயிருக்கும் ஆபத்து. ஒரு மாதம் முன்பிருந்தே கூண்டுக்குள் சோறு வைத்துப் பழக்கினால் போதும்.

இதையெல்லாம் கொடுமை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். என் தந்தையார் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். ஒரு துரை பணி முடிந்து சீமைக்குத் திரும்பியபோது தம் வளர்ப்பு நாயை என் தந்தையிடம் கொடுத்துவிட்டுப் போனார். அக்காலத்தில் பிரிட்டனுக்குள் வரும் எந்த நாயும் ஆறு மாதம் தனிமைக் காப்பகத்தில் அடைபட்டாக வேண்டும். சில்லும் ஊசியும் பத்திரமும் கொண்டு அதைத் தவிர்க்கும் ஏற்பாடு 2000ஆம் ஆண்டில்தான் அங்கே தொடங்கியது. துரைக்கே கிடைக்காத வசதி இன்று கிராணியின் பேரனுக்குக் கிடைத்திருக்கிறது.

ஆஸ்திரேலியா இன்னும் கண்டிப்பானது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தது. சீட்டு வாங்கிய பிறகே நாயை நினைத்தார்கள். அங்கே ரேபிஸ் தடுப்பூசிக்குப் பின் இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 அலகுக்குக் குறையாமல் இருப்பதைப் பரிசோதனையில் காட்ட வேண்டும். அந்த இரத்தம் ஆய்வுக்கூடத்தைச் சென்றடைந்த நாளிலிருந்து 180 நாள் கழிந்த பிறகே நாய் நாட்டுக்குள் நுழையலாம். இறக்குமதி அனுமதியும் தனியே பெற வேண்டும். பெர்த்துக்குப் போகும் நாயும் முதலில் மெல்பர்னில் இறங்கி, அருகிலுள்ள மிக்கல்ஹாம் காப்பகத்தில் குறைந்தது 10 நாள் தங்க வேண்டும். இரத்தம் எடுக்கும் முன் நாயின் அடையாளத்தை அரசு மருத்துவரைக் கொண்டு உறுதி செய்யாவிட்டால் அந்தப் பத்து நாள் முப்பதாகிவிடும். அவர்களுக்கு இருந்ததோ இரண்டு மாத அவகாசம். அந்த நாய் இப்போது ரந்தாவ் சந்தைக்குப் பின்னால் திரிகிறது. நானும் இன்னும் இருவரும் சோறு வைக்கிறோம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் அடுக்குமாடிகளுக்குச் சென்ற ஆண்டுகளிலும் லயத்து வாசல்களில் நாய்கள் இப்படித்தான் நின்றன. அன்று போக்கிடம் இல்லாமல் விட்டுச் சென்றோம். இன்று விட்டுச் செல்லப்படும் நாய்களில் பல, ஆறேழு மாதம் முன்னதாகத் தொடங்கியிருந்தால் உடன் சென்றிருக்கக் கூடியவை.

ஆகவே என் கோரிக்கைகள் இரண்டுதான். தடுப்பூசி போட வரும் ஒவ்வொருவரிடமும் வெளிநாடு செல்லும் எண்ணம் உண்டா என்று கேட்டு, சில்லு இருக்கிறதா என்று கருவியால் பார்த்த பின்னரே ஊசியைக் கையிலெடுக்கும் வழக்கத்தைச் சிறுநகரக் கால்நடை மருத்துவர்கள் கொள்ள வேண்டும். கால்நடை மருத்துவச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகங்களில், எந்த நாட்டுக்கு எத்தனை நாள் முன்பு தொடங்க வேண்டும் என்பதை மலாயிலும் தமிழிலும் ஒரே தாளில் அச்சிட்டு ஒட்டி வைக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், போகும் நாட்டின் அரசு இணையத்தளத்தைப் பார்த்து அந்தத் தாளை அவ்வப்போது திருத்துவதும் அவசியம்.

புலிக்காக நான் கைப்பட எழுதிய நாள்காட்டி என்னிடம் இருக்கிறது. அதன் நகலை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். இடம் இருந்தால் வெளியிடுங்கள், இல்லையேல் கேட்கும் வாசகர்களுக்குத் தங்கள் அலுவலகம் வழியாகவே கொடுத்துதவுங்கள்.

இவண்,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
ரந்தாவ், நெகிரி செம்பிலான்.