முதுகலை ஆய்வேடு வெறும் தொகுப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான உயர்கல்விக் கட்டுரையில், முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகள் வெறும் தகவல் தொகுப்புகளே, அவற்றை ஆய்வு என்பது தகாது என்று ஒரு வரி இருந்தது. இருபத்தாறு ஆண்டுகள் முதுகலைத் தமிழ் மாணவர்களுக்கு நெறியாளராக இருந்த எனக்கு அந்த வரி மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

கடலோரச் சிற்றூரில் பிறந்த என் மாணவி ஒருத்தி, மீனவர் பேச்சில் வழங்கும் காற்றுப் பெயர்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாள். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றை, பழைய செய்யுள் அகராதிகளான நிகண்டுகள் கோடை என்கின்றன. அவள் ஊரார் கச்சான் என்கிறார்கள். வடக்கிலிருந்து வரும் வாடையும் கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் பழைய பெயரிலேயே நிலைத்திருக்க, கோடை மட்டும் ஏன் வழக்கிழந்தது என்பதே அவள் எழுப்பிய வினா. கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர்களிடம் நான்கு மாதம் போய் உட்கார்ந்து, பெயரைச் சொல்லும்போது அவர்கள் கை எந்தப் பக்கம் நீண்டது என்பதைக்கூடத் தேதியிட்டுக் குறித்திருந்தாள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்த இடங்களில் இரண்டையும் பதிந்துவிட்டு, தன்னால் முடிவு சொல்ல இயலவில்லை என்று நேர்மையாக எழுதியிருந்தாள். வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் தகவலாளர் பட்டியலைப் புரட்டிக்கூடப் பாராமல், "இதில் கோட்பாடு எங்கே?" என்று கேட்டு ஏட்டை மூடிவைத்தார். "அப்போ நான் கேட்டு எழுதினதெல்லாம் ஆய்வு இல்லையா ஐயா?" என்று அவள் வெளியே வந்து கேட்டாள். அதே கேள்வியைத்தான் தங்கள் இதழின் வரி மீண்டும் என் முன் வைத்திருக்கிறது.

முதுகலை மாணவரிடம் புதிய கோட்பாட்டை எதிர்பார்ப்பது முறையன்று. தெளிவான ஒரு வினா, நேரில் திரட்டிய சான்று, பிறர் அதே வழியில் போய்ச் சரிபார்க்கக்கூடிய குறிப்புகள் ஆகிய மூன்றும் இருந்தால் அது ஆய்வுதான். பக்க எண்ணிக்கை இதில் சேராது.

2022ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளால் ஆய்வியல் நிறைஞர் (எம்.பில்.) பட்டம் நிறுத்தப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். முனைவர் பட்டத்துக்கு முன் மாணவர் ஆய்வு பழகும் இடம் இனி இந்த முதுகலை ஆய்வேடு ஒன்றுதான். அதையும் மதிக்கவில்லையென்றால் அவர்கள் எங்கே பழகுவார்கள்? திருட்டெழுத்தைத் தடுக்க 2018இல் வந்த விதிகள், பிறர் எழுத்தோடு பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள்களை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கின்றன. ஆயினும் சங்கப் பாடல் அடிகளை மேற்கோள் காட்டிய என் மாணவர்களின் ஏடுகள், அந்த அடிகளுக்காகவே திருப்பி அனுப்பப்பட்டன. முனைவர் பட்ட ஏடுகளுக்குச் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. முதுகலை ஏடுகளோ, நான் பணியாற்றிய துறையில், சில ஆண்டுகளில் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போயின. அந்த மாணவியின் ஏடும் அவற்றோடு போனது. அவளிடம் பேசிய பெரியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், நல்ல முதுகலை ஏடுகளின் தலைப்பு, மாணவர் பெயர், ஏடு இருக்கும் நூலகம் ஆகியவற்றைக் குறிக்க மாதம் அரைப் பக்கம் ஒதுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்,
தூத்துக்குடி