இனி வாயால் சொல்லிவிடுகிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆட்டிசத்தின் இயல்புகள் ஒருவருக்கு எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்க நீ அனுப்பிய 50 கேள்விகளுக்கு நானும் பதில் போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கும் போட்டேன், அவர் மார்க்கை இங்கே எழுதினால் சண்டைக்கு வருவார். ஆட்டிசம் பற்றி ஆராயும் சைமன் பாரன்-கோஹன் குழுவினர் 2001-இல் வெளியிட்ட கேள்வித்தாளாம். அந்த மார்க்கை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று யாரும் முடிவுகட்ட முடியாது. டாக்டரும் உன்னிடம் அதைத்தானே சொன்னார்?

"நீ 'பரவாயில்லை, விடு' என்றால், நிஜமாகவே பரவாயில்லையா, கோபமா என்று போனை வைத்த பிறகும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்" என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தவள் நான். டிரங்க் கால், அதாவது வெளியூர் கால், புக் பண்ணுகிறவர் ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே, சாவுச் செய்தியா, கல்யாணப் பேச்சா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். குரல் எங்கே ஏறுகிறது, எங்கே மூச்சு தட்டுகிறது, எவ்வளவு வேகம் என்று காது தானாகவே பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் அந்த லைனில் குரலின் ஒலி முழுசாக வராது, ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் வரும். எனக்குத் தானாக வருவதை நீ ஒவ்வொரு தடவையும் மனக்கணக்காகப் போட வேண்டியிருக்கிறது. களைப்பாக இருக்காதா?

குரலுக்கென்றே 2002-இல் ஒரு சோதனை வந்திருக்கிறது. நாடக வசனத் துணுக்கைக் கேட்டுவிட்டு, கொடுத்த இரண்டு சொற்களில் பேசியவரின் மனநிலைக்கு எது பொருந்தும் என்று சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சராசரியாகக் குறைவாகவே எடுத்தார்கள். ஆனால் நடிகர்கள் உணர்ச்சியைக் காட்டப் பேசுவார்கள். நம் வீட்டில் மறைக்கத்தானே பேசுகிறோம்! உன் சித்தியின் குரலைப் போட்டிருந்தால் சோதனை வைத்தவர்களே தோற்றிருப்பார்கள்.

டேமியன் மில்டன் என்பவர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012-இல் எழுதினார். நியாயம்தான். வேலை கிடைத்ததை நீ ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னாய். என்னமோ ஆகிவிட்டது என்று அப்பா பயந்துபோனார்.

அதனால் கோபம் என்றால் இனி "கோபமாக இருக்கிறேன்" என்றே சொல்கிறேன். முழங்கால் வலியில் குரல் கடுகடுவென்று வந்தால், வலி என்று சொல்கிறேன். சந்தேகம் வந்தால் "அம்மா, கோபமா?" என்று நேரடியாகக் கேள். உனக்குச் சந்தோஷம் என்றால் நீயும் சொல்லிவிடு. அப்பாவுக்கு பிரஷர் ஏறாது. பேசவே முடியாத அன்றைக்கு வாட்ஸ்அப்பில் எழுது, போதும்.

சித்தியிடம் மட்டும் "கோபமா?" என்று கேட்டுவைக்காதே.

அம்மா