கிறிஸ்தவ ஓட்டுன்னா யாரோட ஓட்டு?

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்காவுல கிறிஸ்தவங்க எல்லாம் ஒரே அணின்னு உங்க கட்டுரைல எழுதிருந்தீங்க, அது அவ்ளோ சிம்பிள் இல்லைங்க, யாரு கிறிஸ்தவன்ங்கிறதுலயே அங்க பெரிய சண்டை. 2011ல டல்லாஸ் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சர்ச் பாஸ்டர் ராபர்ட் ஜெஃப்ரஸ், ரிபப்ளிகன் கட்சி சார்பா ஜனாதிபதி ஆகணும்னு போட்டி போட்ட மிட் ராம்னி ஒரு மார்மன் (பைபிளோட தனியா இன்னொரு வேதமும் வச்சிருக்கிற அமெரிக்க சபை), அவரு கிறிஸ்தவரே இல்ல, அது ஒரு கல்ட், அதாவது போலி மதக்கூட்டம்னு பப்ளிக்கா சொன்னாரு. அடுத்த வருஷம் எதிர்ல ஒபாமான்னு ஆனதும் அதே பாஸ்டர் ராம்னிக்கு சப்போர்ட்! 2012 அக்டோபர்ல ராம்னி போய் பிரபல சுவிசேஷகர் பில்லி கிரஹாமை பார்த்துட்டு வந்த கொஞ்ச நாள்லயே கிரஹாம் அமைப்போட வெப்சைட்ல கல்ட் லிஸ்ட்ல இருந்த மார்மன் பேரு காணாம போச்சு. வேதம் மாறல, எலெக்‌ஷன்தான் கிட்ட வந்துச்சு.

இதுக்கு புராட்டஸ்டன்ட் இறையியலாளர் ஆர்.சி. ஸ்ப்ரோல் மாதிரி ஆளுங்க எவ்வளவோ தேவலாம். 1994ல இவாஞ்சலிக்கல் (பைபிளுக்கே முதலிடம்னு சொல்ற புராட்டஸ்டன்ட்) தலைவர் சக் கோல்சனும் கத்தோலிக்க பாதிரியார் ரிச்சர்ட் ஜான் நியூஹாஸும் சேர்ந்து இவாஞ்சலிக்கல் கத்தோலிக்க கூட்டறிக்கை விட்டப்போ, விசுவாசத்தினால மட்டுமே நீதிமானாகுறோம்ங்கிற புராட்டஸ்டன்ட் அடிப்படை உபதேசத்தை விட்டுட்டு என்ன ஒற்றுமைன்னு எதிர்த்தாரு, கருக்கலைப்பு மாதிரி விஷயங்களை எதிர்த்து கத்தோலிக்கரும் மத்த சபைக்காரங்களும் சேர்ந்து விட்ட 2009 மன்ஹாட்டன் பிரகடனத்துலயும் அவரும் பாஸ்டர் ஜான் மெக்ஆர்தரும் கையெழுத்து போடல. கருக்கலைப்பு வேணாம்ங்கிறதுல அவங்களுக்கும் அதே கருத்துதான், ஆனா அதுக்காக கத்தோலிக்கரோட சேர்ந்து "நாங்க கிறிஸ்தவர்கள்"னு ஒரே பேப்பர்ல எழுத மாட்டோம்னுட்டாங்க. எனக்கு அவங்க பிடிவாதம் கொஞ்சம் ஓவராத்தான் தெரியுது, அது வேற விஷயம்.

கத்தோலிக்க சபையும் சும்மா இல்ல, மார்மன் ஞானஸ்நானம் செல்லாதுன்னு 2001லயே வத்திக்கான் சொல்லிருச்சு. அடுத்த தடவை எழுதுறப்போ எந்த சபைன்னு ஒரு வரி சேர்த்துடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர்