அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? எனக்கு இந்த வருடம் பள்ளியில் பாதுகாப்புப் பாடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த பருவத்தில் நீயும் எடுக்கப்போவதாக எழுதியிருந்தாயே, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன மாதம் தீ ஒத்திகை நடத்தினோம். மணி அடித்ததும் எல்லா வகுப்பும் மைதானத்துக்குப் போய்விட்டது. கடைசியாக ஒரு சுற்று பார்க்கப் போனேன். மூன்றாம் வகுப்பு வாசலில் ஒரு சிறுமி தனியாக நின்றாள். கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பியவள். என்னைக் கண்டதும் கையை உயர்த்தி, "டீச்சர், நான் வெளியே போகலாமா?" என்று கேட்டாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கேட்காமல் நகரக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தானே!

ஜப்பானில் 2011 மார்ச் 11 அன்று நடந்தது நினைவுக்கு வந்தது. கமாய்ஷி நகரில் நிலநடுக்கம் நின்றதும், சுனாமி வரும் என்று நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் மேட்டை நோக்கி ஓடினார்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் மூன்றாவது மாடிக்கு ஏறியிருந்தார்கள். அண்ணன், அக்காக்கள் ஓடுவதைப் பார்த்து அவர்களும் இறங்கிச் சேர்ந்துகொண்டார்கள். குறித்து வைத்திருந்த இடத்தை அடைந்த பிறகும், அங்கே மலைச்சரிவு உதிர்வதைக் கண்டு இன்னும் மேலே போனார்கள். ஏறக்குறைய 570 பேர் பிழைத்தார்கள். இரண்டு பள்ளிகளையும் கடல் மூழ்கடித்தது. அதே நாள் ஒகாவா தொடக்கப் பள்ளியில், எங்கே போவது என்ற முடிவுக்காக முற்றத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருந்ததில் 74 குழந்தைகள் இறந்துபோனார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே மலை இருந்தது. இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது.

கமாய்ஷியில் வருடக்கணக்காகப் பழக்கியிருந்தார்கள். சுனாமி எதுவரை வரும் என்று காட்டும் வரைபடத்தை அப்படியே நம்பாதே, முடிந்ததையெல்லாம் செய், நீயே முதலில் ஓடு. கடைசியதுதான் எனக்கு முக்கியம். முதலில் ஓட ஒருவர் இருந்தால் மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள்.

இப்போது ஒவ்வொன்றையும் செய்ய வைத்தே சொல்லித்தருகிறேன். புகை மேலே போகும், நல்ல காற்று தரையோரம் இருக்கும் என்று சொல்லிவிட்டு, வகுப்பு முழுக்கத் தவழவிட்டேன். மூடிய கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சுட்டால் வேறு வழி. உடையில் தீப்பிடித்தால் ஓடாதே, முகத்தை மூடிக்கொண்டு படுத்து உருளு. பைக்காகத் திரும்பிப் போகாதே. அவசர எண்ணுக்குப் பேசுகிற பயிற்சியில் ஒரு பையனிடம் அம்மா பேர் என்ன என்று கேட்டேன். "அம்மாதான்" என்றான். வீட்டு விலாசமும் தெரியவில்லை. அன்றைக்கு அதுதான் வீட்டுப் பாடம்.

அப்புறம், உடல் பாதுகாப்பு. இதற்கும் வேர், கேட்காமல் நகரக் கூடாது என்ற அதே பழக்கத்தில்தான் இருக்கிறது. பெரியவர் சொன்னால் கேள் என்றே வளர்ந்த பிள்ளை, ஒரு பெரியவர் தப்பாகத் தொடும்போது என்ன செய்யும்? மாட்டேன் என்று சொல்லலாம், கத்தலாம், ஓடலாம், அது மரியாதைக் குறைவு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னேன். பயத்தில் உறைந்துபோய் எதுவுமே செய்ய முடியாமல் போனாலும் தப்பு உன்னுடையது இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்று ஒரு பெரியவர் கேட்டால், அதை உடனே சொல்ல வேண்டும். முதலில் கேட்டவர் நம்பாவிட்டால் இரண்டாமவரிடம், மூன்றாமவரிடம். அவரவர் நம்பும் ஐந்து பேரை விரல் விட்டு எண்ணச் சொன்னேன். ஒரு பையன் மூன்றாவது விரலோடு நிறுத்திவிட்டான். மற்ற இரண்டுக்கும் என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சரி, இப்போதைக்கு நான்காவது விரல் நானாக இருக்கிறேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஒத்திகை, வகுப்பறையில் ஆசிரியர் இல்லாத இடைவேளை நேரத்தில். அந்தச் சிறுமியிடம், "மணி அடித்தால் யாரையும் கேட்காதே, பக்கத்தில் நிற்பவர்களையும் கூட்டிக்கொண்டு போ" என்று சொல்லியிருக்கிறேன். உன் சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் இதையெல்லாம் எப்படிச் சொல்வாய்? எனக்கு அது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி