கறுக்கிற கத்தி பற்றி: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பட்டறையில் கத்தி வாங்கியவர்கள் அடிக்கடி கேட்பது இது: "மாங்காய் வெட்டினேன், அலகு நீலமும் சாம்பலுமாகப் போயிட்டு. பழுதா?"

பழுதில்லை. எங்கள் கத்தி எவர்சில்வர் இல்லை, கார்பன் உருக்கு. மாங்காய், தேசிக்காய், புளி எது பட்டாலும் அது கறுக்கும். அந்தக் கருமை படியப்படிய அலகில் கறள் பிடிப்பது குறையும். தேய்த்து வெள்ளையாக்க வேண்டாம். செம்மஞ்சளாகப் பூத்தால்தான் கறள். அதை மட்டும் சாம்பல் தொட்டுத் தேய்த்து எடுங்கள்.

"கறள் பிடிக்காத எவர்சில்வரில் செய்தால் என்ன?" என்றும் கேட்கிறீர்கள். அந்த உருக்கில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அதற்குச் சரியாகப் பதம் ஏற்ற 1000 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, சூடு ஏறாமல் இறங்காமல் பிடிக்க வேண்டும். கரி உலையில் அது நம்பிச் செய்யக்கூடிய வேலை இல்லை. நாங்கள் எடுப்பது பழைய லொறி ஸ்பிரிங் தகடு. காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சி, இன்னும் கொஞ்சம் ஏற்றி, 800 பாகையைத் தாண்டியதும் எண்ணெயில் தோய்ப்போம். அந்த நிலையில் அலகு கீழே விழுந்தாலே உடையும். அதனால் 200 பாகை அளவில் மறுபடி சூடாக்கி இளக்குகிறோம். இப்படிப் பதமான கத்தியை வீட்டிலேயே நீங்கள் தீட்டலாம். எங்களுக்கு அதுதான் முக்கியம். மழுங்கிய கத்தி வழுக்கித்தான் கையை வெட்டும்.

தீட்டுவதற்கு 1000 கிரிட் கல், அதாவது நடுத்தர சொரசொரப்புள்ள கல் போதும். கல்லை நனைத்து, அலகின் முதுகைச் சுண்டுவிரல் தடிப்புக்கு உயர்த்திப் பிடியுங்கள். 45 மில்லிமீற்றர் அகல அலகுக்கு அது 15 பாகைக் கோணம் அளவில் வரும். ஒரு பக்கம் இழுத்ததும் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு கையில் தட்டுப்படும். தட்டுப்பட்டால் திருப்புங்கள். தட்டுப்படாமல் திருப்பினால் கூர் வராது.

அலகு 18 சென்ரிமீற்றர்தான். ஹோட்டல் சமையல்காரர்கள் பிடிப்பது இதைவிட நீளம். வீட்டுக் குசினிப் பலகைக்கு அந்த நீளம் இடைஞ்சல். முதுகு 2 மில்லிமீற்றர் தடிப்பு. வெங்காயம், கீரை, கணவாய், கொடுவாத் துண்டு எல்லாம் இலகுவாக அரியலாம். தயவுசெய்து எலும்பு கொத்த வேண்டாம், தேங்காய் உடைக்க வேண்டாம். அதற்கு வீட்டில் இருக்கிற பாரமான கத்திதான் சரி. பிடி, தச்சுப் பட்டறைகளில் மிஞ்சும் முதிரை மரத் துண்டுகளில் செய்தது. தண்ணீரில் ஊறப்போட்டால் வெடிக்கும்.

கல்லடி, நாவலடி போல உப்புக்காற்றுப் படும் இடங்களில் இருப்பவர்கள், கழுவியதும் துடைத்து, இரண்டு துளி தேங்காய் எண்ணெய் பூசி வையுங்கள். ஈரக் கத்தியை ஒரு இரவு வைத்தாலே கறள் வந்துவிடும்.

வாய் ஒடிந்தாலோ பிடி ஆடினாலோ பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் கத்திக்குத் தீட்டவும் பிடி மாற்றவும் காசு வாங்குவதில்லை. அலகைத் துணியில் சுற்றி எடுத்துவாருங்கள்.

அன்புடன்,
கத்திப் பட்டறையார்,
கல்லடி, மட்டக்களப்பு